அநாதைக் கோட்டு

கோட்டைக் கைது செய்தார்கள்.

ஆளை அல்ல, கோட்டை. காலை நேரம், அலுவலக வாசல், வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கையுறை போட்ட ஓர் அதிகாரி அந்தக் கறுப்புக் கோட்டை அவள் தோளிலிருந்து உரித்தார். காகிதப் பையில் திணித்தார். பையின் வாயை ஒட்டினார். ஒட்டிய இடத்தில் மூக்கை வைத்து ஒரு முறை முகர்ந்தும் பார்த்தார்.

"லேபிள் இல்லை," என்றார். பிணத்தின் நாடி பார்த்த டாக்டர் தோற்றுப்போகும் குரல்.

அவள் நியாய ஆடை மன்றத்தின் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். போனை எடுத்து நாள் முழுக்க ஹலோ சொல்லிச் சொல்லி, அவள் பெயரே 'ஹலோ' ஆகிவிட்டது. முகர்ந்து பார்த்தவர் உடை ஆய்வு அதிகாரி. துணியைக் கண்டால் மூக்கை நீட்டுவார் என்பதால் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். முதல் பெயரை முகத்துக்கு நேரே கூப்பிடலாம். இரண்டாவதைக் கூப்பிட்டால் வேலை போகும்.

மன்றம் எதற்கு இருந்தது? தைப்பவர் வயிற்றில் அடிக்காமல், மண்ணைக் கெடுக்காமல் செய்த துணியைத்தான் ஜனங்கள் அன்றாடம் உடுத்த வேண்டும் என்பதற்கு. நல்ல நோக்கம். கிணறு வெட்டியவர்கள் நல்லவர்கள்தான். வாளியைப் பிடித்துக்கொண்டவர்தான் தலைவர்.

'தைத்த கையைச் சொல்' என்பது மன்றத்தின் முழக்கம். வாசல் சுவரில் ஆளுயர எழுத்தில் இருந்தது. அதைத் தினமும் துடைத்த கை யாருடையது என்று கேட்டால் சொல்ல ஆள் கிடையாது. அது ஒப்பந்தக் கை.

காலையில் உள்ளே நுழைய வேண்டுமானால் உடையை ஒப்புவிக்க வேண்டும். மேலே போட்டது, கீழே போட்டது, காலில் போட்டது, மூன்றுக்கும் பூர்வீகம் சொல்ல வேண்டும். அன்று ஹலோவுக்கு முன்னால் நின்றவர் கணக்கர். மன்றம் அங்கீகரித்த சட்டை அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரவு துவைத்து, காலையில் ஈரத்தோடு மாட்டி வந்திருந்தார். பல் தந்தியடித்தது.

"மேல்சட்டை, மழைநீர்ப் பருத்தி சார். தைச்சவங்க ரெண்டு பிள்ளைக்கு அம்மா. மூத்தவ படிப்புல கெட்டி."

"இளையவன்?"

"இளையவனுக்கு... இருமல் சார்."

"போன வாரமும் இருமல்தானே சொன்னீங்க?"

"இன்னும் குணமாகல சார்."

மோப்பம் மனமிரங்கி வழிவிட்டார். கணக்கரின் சொந்தப் பிள்ளைக்கும் அப்போது இருமல்தான். அதற்கு விடுப்புக் கேட்டபோது, அந்த இருமலுக்கு ஆடையோடு தொடர்பில்லை என்று பதில் வந்திருந்தது.

ஒரே சட்டையை வைத்துக்கொண்டு வாரத்தை எப்படி ஓட்டுவது என்பதற்குத் தலைவரே வகுப்பும் எடுத்தார். திங்கள், காலரைத் தூக்கி விடுவது. செவ்வாய், மடக்கி விடுவது. புதன், கைகளைச் சுருட்டுவது. வியாழன், பின்பக்கம் முன்பக்கமாக. வெள்ளி, உட்புறம் வெளியே. "ஒரு சட்டை, அஞ்சு தோற்றம். அலமாரி சின்னது ஆக ஆக, ஆத்மா பெரிசாகும்," என்றார். வியாழக்கிழமைகளில் மன்ற ஊழியர்கள் முதுகில் பொத்தானோடு அலைந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் மாட்டிவிட வேண்டியிருந்ததால் தோழமை வளர்ந்ததாக ஆண்டறிக்கையில் ஏறியது. தலைவர் மட்டும் தினமும் வேறு வேறு சட்டையில் வந்தார். அவர் மாதிரிகளைப் பரிசோதிக்கிறார் என்று விளக்கம்.

தலைவர் சின்ன உருவம், பெரிய குரல். அறுபதை எட்டிப்பிடிக்கும் வயதிலும் தலை மட்டும் காக்காய்க் கறுப்பு. ஒரு நரை கிடையாது. பேசும்போது வாக்கியத்துக்கு ஒரு தரம் விரல்களால் முடியைப் பின்னுக்குக் கோதிவிடுவார். "சாயம் தொடாத தலை," என்பார். அது உண்மைதான். அவரைப் பற்றிய ஒரே உண்மை என்றும் சொல்லலாம்.

அந்தத் தலையின் பெயரால் ஒரு விதி வந்தது. ரசாயனச் சாயம் பூசிய தலை மன்றத்தின் வாசலைத் தாண்டக்கூடாது. அந்த விதியில் முதலில் விழுந்தது உணவுக்கூடத்து அம்மா. தன் மகள் வீட்டுச் சம்பந்திகள் வரும்போது நரையோடு நிற்கக் கூச்சப்பட்டு, மாதம் ஒரு தடவை சாயம் போட்டுக்கொண்டிருந்தார். சூப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே அனுப்பப்பட்டார். பாத்திரத்தை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அவருக்குச் சாயம் போட்டுவிட்டது தெருமுனை சலூன்காரர். ஹலோவின் கணவர்.

இனி கோட்டின் கதை.

வரவேற்புக் கூடத்தின் கதவை மூடக்கூடாது என்பது இன்னொரு விதி. வெளிப்படைத்தன்மை. குளிர்காலத்தில் வெளிப்படைத்தன்மை நேராக வந்து ஹலோவின் விலா எலும்பில் புகுந்தது. கூடத்தில் வெப்பமூட்டி போடவும் தடை, பூமி சூடாகிவிடும். அவள் பூமியைக் காப்பாற்றிக்கொண்டு நடுங்கினாள். மாடி அறைகளுக்கும் விழா அரங்கத்துக்கும் தடை இல்லை. அவற்றின் சுவிட்சு எல்லாம் அவள் மேசைக்குப் பக்கத்துச் சுவரில்தான் இருந்தது. தின்னக் கூடாத பண்டத்துக்குக் காவல் இருப்பது போல.

அதனால் அலமாரியில் கிடந்த கோட்டை எடுத்தாள். கணவரின் அண்ணன் வாங்கியது. அவருக்குத் தொப்பை வந்ததும் தம்பிக்கு வந்தது. சலூனில் ஏதோ மருந்து தெறித்து வெளுத்துப்போக, மூலையில் கிடந்தது.

"கவலைப்படாதே, ஒரு நிமிஷத்துல புதுசாக்கறேன்," என்றார் கணவர். உணவுக்கூடத்து அம்மாவுக்காக வாங்கி வைத்த தலைச்சாயம் மிச்சம் கிடந்தது. வேலை போன பிறகு அந்த அம்மா சாயம் போட வரவில்லை. கிண்ணம் கிண்ணமாகக் கரைத்துக் கோட்டு முழுக்க அடித்துவிட்டார்.

கோட்டு ஜம்மென்று ஆனது. ஆனால் தலைச்சாயம் தலைக்குத்தான் கட்டுப்படும். துணி நனைந்தால் போதும், கறுப்பாக அழ ஆரம்பித்தது. மழையில் போகாதே, வேர்க்க விடாதே என்று சொல்லித்தான் கணவர் போட்டுவிட்டார். வேர்ப்பதா? அந்தக் கூடத்திலா? அவள் சிரித்தாள்.

அந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள்.

விசாரணை மாடியில் நடந்தது. நீள மேசை. நடுவில், ஒட்டிய பையில், கோட்டு. தலைவர் ஒரு பக்கம், மோப்பம் ஒரு பக்கம். ஹலோவுக்கு உட்கார ஒரு முக்காலி.

"லேபிளை யார் வெட்டியது?" என்றார் தலைவர்.

"எங்க மாமியார் சார். என் வீட்டுக்காரருக்குக் கழுத்து அரிக்குதுன்னு."

"அப்போ சாட்சியை அழிச்சது உங்க மாமியார்."

"சாட்சியை இல்ல சார், அரிப்பை."

மோப்பம் இருமினார். தலைவர் முடியைக் கோதினார்.

"அம்மா, ஒரு துணிக்கு லேபிள்தான் அப்பன். லேபிள் இல்லாதது அநாதை. அநாதை ஆடையை ஒருத்தர் உடுத்தினா, தெரியாத ஒருத்தரோட கஷ்டத்தை உடுத்தறதா அர்த்தம். உங்களுக்கு எப்படித் தூக்கம் வருது?"

"குளிராம இருந்தா வருது சார்." அவள் தயங்கிவிட்டுக் கேட்டாள். "புதுசா வாங்காம, இருக்கறதையே மூணு பேர் மாத்தி மாத்திப் போடறோமே. அதைத்தானே சார் நம்ம நோட்டீஸ்ல நல்லதுன்னு போட்டிருக்கு?"

தலைவர் பரிதாபமாகப் பார்த்தார். "பழசுங்கறது ஒரு வயசு. நீடிச்சிருக்கறதுங்கறது ஒரு கொள்கை. ரெண்டையும் குழப்பிக்கக்கூடாது. ஏழைங்க சும்மா பழசு போடறாங்க. நாம யோசிச்சுப் பழசு போடறோம்."

"இன்னொண்ணு சார். அது நனைஞ்சா சாயம்..."

"சாயத்துக்குத் தனி அமர்வு," என்று கையை உயர்த்தினார் தலைவர். "இது லேபிள் அமர்வு. இதுல அதைப் பேசினா ரெண்டும் செல்லாமப் போயிடும்."

தீர்ப்பு சொன்னார். கோட்டு காப்பகத்தில் இருக்கும். லேபிள் இல்லாததற்கு யாரும் சொந்தம் கொண்டாடக்கூடாது. ஆண்டு விழாவின் மறுநாளுக்குள் அதைத் தைத்த கையை ஹலோ கண்டுபிடித்து ஆளோடு கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் அன்றோடு அவளுக்கு வேலை இல்லை.

வீட்டில் கணவர் தலையைச் சொறிந்தார். "அண்ணன் வாங்கின கடையே இப்ப இல்லையே. அங்க இப்ப பல் ஆஸ்பத்திரி. தைச்ச கைக்கு எங்க போறது?"

"பல் டாக்டரைக் கூட்டிட்டுப் போகவா?"

"சிரிக்காதே. உன் சம்பளத்துலதான் சலூன் வாடகை ஓடுது."

அவளுக்குத் தெரியும். அதனால்தான் சிரித்தாள். பிறகு கோட்டில்லாமல் போய் உட்கார்ந்தாள். தும்மினாள். போனை எடுத்து ஹலோ சொன்னால் எதிர்முனையில், "ஐயா, வரவேற்புல அந்த அம்மா இல்லையா?" என்றார்கள். அப்படிக் கட்டிப்போயிருந்தது குரல்.

விழா நாள் வந்தது. மன்றத்துக்குப் பணம் தரும் கூட்டமைப்பிலிருந்து ஓர் அம்மையார் சிறப்பு விருந்தினராக வருகிறார். மேடையில் தலைவரே 'முன்மாதிரி அன்றாட உடை'யைப் போட்டுக்காட்டுவதாக ஏற்பாடு. அந்த உடைக்கு எங்கோ ஒரு கூட்டுறவில் சொல்லி, பார்சலும் வந்து சேர்ந்திருந்தது.

வந்த பார்சலை மோப்பம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். லேபிள் நேராகத் தைக்கப்படவில்லையாம்.

"திருப்பிட்டீரா?" தலைவரின் பெரிய குரல் மாடியிலிருந்து கூடம் வரை கேட்டது. "நான் எதைப் போட்டுக்கிட்டு மேடை ஏறறது? உம்ம மூக்கையா?"

"காப்பகத்துல நிறைய இருக்கு சார்," என்றது மோப்பத்தின் சின்னக் குரல்.

சிறிது நேரம் கழித்து மாடிப்படியில் தலைவர் இறங்கி வந்தார். உள்ளே சாயமேற்றாத வெள்ளைச் சட்டை. மேலே கறுப்புக் கோட்டு. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. காலருக்குள் பளபளவென்று ஒரு புது லேபிள், 'தாவரச் சாயம், அறிந்த கை, மன்றத்தின் உத்தரவாதம்'.

ஹலோ எழுந்து நின்றுவிட்டாள். வாரக்கணக்கில் கிடைக்காத அப்பன் கோட்டுக்கு ஒரே காலையில் கிடைத்திருந்தான்.

"சார், அது என்..."

"எது உன்?" என்றார் தலைவர். அவருக்கு மறக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. "லேபிள் இல்லாததுக்கு நீ சொந்தம் கொண்டாடக்கூடாது. லேபிள் வந்ததும் அது மன்றத்தோடது. ரெண்டு பக்கமும் உனக்கு வழி இல்லையேம்மா." கண்ணாடியில் பார்த்து முடியைக் கோதினார். "ஆமா, தைச்ச கை கிடைச்சுதா? நாளைக்குக் கடைசி நாள்."

"இல்ல சார்."

"அப்போ இன்னிக்கு நல்லாச் சிரிச்சு வரவேற்பு கொடு. கடைசி வேலை நல்லா இருக்கணும்."

அவள் வாயைத் திறந்தாள். சார், நனைஞ்சா சாயம்... நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றது.

சாயத்துக்குத் தனி அமர்வு.

வாயை மூடிக்கொண்டாள்.

"அரங்கத்துல குளிர் தெரியவே கூடாது," என்று போகிறபோக்கில் உத்தரவு போட்டார் தலைவர். "அம்மையாருக்கு மூட்டு வலி. தாராளமா வை."

"வைக்கறேன் சார்," என்றாள் ஹலோ. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு மனப்பூர்வமாக ஓர் உத்தரவுக்கு அவள் கீழ்ப்படிந்ததில்லை. அரங்கத்து வெப்பமூட்டியின் குமிழைத் திருகினாள். அது போகும் மட்டும் திருகினாள்.

அரங்கம் அடுப்பானது. முன்வரிசையில் அழைப்பிதழ்கள் விசிறியாயின. மேடையில் விளக்குகள் வேறு. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, இந்தக் கோட்டைத் தைத்த கையை நான் அறிவேன்," என்று தொடங்கினார். "ஒரு மலையடிவாரம். ஒரு தாய். அந்தக் கையை என் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன், அம்மா, உனக்கு என்ன வேண்டும்? அவர் சொன்னார், எனக்கு ஒன்றும் வேண்டாம், நீங்கள் இதைப் போட்டால் போதும்."

கைதட்டல். தலைவர் நெகிழ்ந்து முடியைக் கோதினார்.

அரங்கத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்ற ஹலோ, அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டையின் கைமுனை சாம்பலானது. சாம்பல் கறுத்தது. கறுப்பு உள்ளங்கைக்கு இறங்கியது.

"மறைப்பதற்கு நம்மிடம் எதுவும் இல்லை," என்றார் தலைவர். கோதினார். கறுத்த உள்ளங்கை ஈரத் தலையை ஒரு முறை அழுத்தி வழித்தது. நெற்றியில் ஒரு கோடு இறங்கியது. "நம் தொழில் நேர்மை." கோதினார். இன்னொரு கோடு. "என் தலையையே பாருங்கள்." எல்லோரும் பார்த்தார்கள். "ஒரு சொட்டு ரசாயனம் உண்டா?"

அந்தச் சொட்டு மூக்கு நுனியில் நின்று, யோசித்து, மைக்கின் மேல் விழுந்தது.

முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அம்மையார் எழுந்து வந்து வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினார். தலைவர் முகத்தைத் துடைத்தார். கைக்குட்டை அடுப்பு துடைத்த துணி மாதிரி ஆனது. அப்போதுதான் தலைவர் அதைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கோட்டின் கையைப் பார்த்தார்.

"இது தலை இல்ல," என்றார். மேடைத் தமிழ் போய்விட்டது. "இது கோட்டு. கோட்டு சாயம் விடுது மேடம்."

"கோட்டா?" என்றார் அம்மையார். "தாவரச் சாயம், உத்தரவாதம்னு லேபிள்ல இருக்கே. அந்தத் தாயை நீங்க நேர்ல பார்த்ததா இப்பத்தானே சொன்னீங்க?"

கோட்டு பொய் என்றால் லேபிள் பொய். லேபிள் பொய் என்றால் மன்றம் பொய், பணம் நின்றுவிடும், மாடி அறைகள் அத்தனையும் காலி. தலை பொய் என்றால் ஒரே ஒரு தலைதான் போகும். மோப்பம் இந்தக் கணக்கை நொடியில் போட்டார். மேடைக்குத் தாவினார். கோட்டை முகர்ந்தார். தலையை முகர்ந்தார்.

"மேடம், லேபிள் உள்ள துணி சாயம் விடாது. வாடை தலையிலேர்ந்துதான் வருது."

"அடப் பாவி," என்றார் தலைவர். அவர் கண் அரங்கம் முழுக்க அலைந்து பின்சுவரில் நின்றது. "ஹலோ! அதோ, அவளைக் கேளுங்க. இது யார் கோட்டுன்னு அவளுக்குத் தெரியும். சொல்லும்மா. தயங்காதே. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

எல்லாத் தலைகளும் திரும்பின. என்னுடையது என்று ஒரு வார்த்தை. கோட்டு கிடைக்கும். வேலையும் கிடைக்கலாம், தருகிறவர் தலைவராகவே இருந்தால். ஹலோவுக்கு உணவுக்கூடத்து அம்மாவின் கையிலிருந்து வாங்கிய அந்தச் சூப் பாத்திரம் நினைவுக்கு வந்தது. அதையும் சார்தான் மேற்பார்வை பார்த்தார்.

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள் பணிவாக. "லேபிள்ல என்ன இருக்கோ அதுதாங்க உண்மை. சார்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்."

தலைவர் மைக்கை விட்டார். அதற்குப் பிறகு முடியைக் கோதவில்லை.

சாயம் பூசிய தலை வாசலைத் தாண்டக்கூடாது என்று விதி இருந்ததால் அவரை உடனே வெளியே அழைத்துப்போனார்கள். வாசலில் ஹலோ குறுக்கே நின்று கையை நீட்டினாள்.

"சார், கோட்டு. மன்றத்தோட சொத்து."

கழற்றிக் கொடுத்தார். உள்ளே சட்டை வரிக்குதிரையாக இருந்தது.

மறுநாள் தற்காலிகத் தலைவராகிவிட்ட மோப்பம் அவள் மேசைக்கு வந்தார். கோட்டின் பக்கம் மூக்கைத் திருப்பாமலே பேசினார். "ஹலோ, இதை எங்கேயாவது... கண்ணுல படாம..."

"நான் பார்த்துக்கறேன் சார். என் விசாரணை இன்னிக்குத்தான் கடைசி நாள்."

"எந்த விசாரணை?"

"கோட்டு விசாரணை சார்."

"எந்தக் கோட்டு?" என்றார் மோப்பம். குரல் கெஞ்சியது. "அப்படி ஒரு கோட்டே வரலையே. வராத கோட்டுக்கு ஏது விசாரணை? போய் வேலையைப் பாரும்மா."

அவள் வராத கோட்டைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

பழைய தலைவர் விடவில்லை. தன் முடி இயற்கையானது என்று மேல்முறையீடு செய்தார். தலைமுடிக்கென்று ஓர் அமர்வு கூடித் தீர்ப்பளித்தது. முறையீட்டாளரின் தலை முழுக்க மழிக்கப்பட வேண்டும். புது முடி எந்த நிறத்தில் முளைக்கிறது என்பது மன்றத்தின் கண்காணிப்பில் பார்க்கப்பட வேண்டும். முளைக்கும் வரை அவர் தினமும் வந்து வரவேற்புக் கூடத்தில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் உட்கார வேண்டும். மழிக்க, பக்கத்தில் இருக்கும் சலூன்காரரைக் கூப்பிடலாம்.

ஹலோவின் கணவர் பெட்டியோடு வந்தார். கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டார்கள். ஊழியர்கள் வேடிக்கை பார்க்கத் திரண்டார்கள். அன்று வியாழக்கிழமை, எல்லோர் முதுகிலும் பொத்தான். திறந்த வாசலில் காற்று ஊளையிட்டது.

"ஹலோ," என்றார் பழைய தலைவர், கழுத்தில் துணி கட்டியிருக்க. "அந்தக் கதவை மட்டும் கொஞ்சம் சாத்தும்மா. மொட்டைத் தலையில காத்து அடிச்சா தாங்காது."

ஹலோ கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "வெளிப்படைத்தன்மை சார்."

கணவர் முடியைத் தண்ணீரில் நனைத்தார். விரலால் பிரித்து வேரைப் பார்த்தார். இன்னொரு இடத்தில் பிரித்துப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக மேசைக்கு வந்து, குனிந்து கிசுகிசுத்தார்.

"ஏய், நல்ல முடி. வேர் வரைக்கும் கறுப்பு. சாயமே போட்டதில்ல இந்த மனுஷன். சொல்லிடட்டுமா?"

ஹலோ போனை எடுத்து, ஹலோ சொல்லி, சற்று இருங்கள் என்று கேட்டுக்கொண்டு, போனின் வாயை மூடிப் பிடித்தாள்.

"உங்ககிட்ட சர்ட்டிபிகேட் இருக்கா?"

"எனக்கு ஏது சர்ட்டிபிகேட்?"

"அப்போ போய் வழிங்க."